துருக்கன் தலைக்கு ஒரு முகம்

என் புருஷனுடைய முகத்தை ஈட்டியால் குத்துவதற்குச் சனம் ரிக்கற் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார்கள். "அது றெஜிபோம்தானே, ஸபீரா." வெள்ளை நுரைக்கட்டியான றெஜிபோமுக்கு வலிக்காதாம். எனக்கு வயிறு எரிந்ததை ஒருவரும் கேட்கவில்லை.

ரொறொன்ரோவின் மோர்னிங்சைட்டில் எங்களுக்கு ஒரு வேலைத்தலம் இருக்கிறது. கலியாணத்துக்கு மணவறை, சாமத்தியச் சடங்குக்குத் தாமரைப்பூ ஆசனம், கோயில் விழாவுக்கு யானைத் தலை, எல்லாவற்றையும் றெஜிபோமில் வெட்டி, வர்ணம் பூசி, வாடகைக்கு விடுகிறோம். முதலாளிகள் இரண்டு பேர். ஒருவர் ஸ்ரீஸ்கந்தராசா, எங்களுக்கு ஸ்ரீ அண்ணை. ஆங்கிலம் பேசுவதும், ஓடர் பிடிப்பதும், மேடையில் ஏறிப் பொன்னாடை வாங்குவதும் அவருடைய இலாகா. மற்றவர் என் புருஷன் ஸுபைர். மரவேலையும் பூட்டிப் பொருத்துகிற வேலையும் அவருக்கு. துணி தைப்பது நான். சிலை வெட்டி முகம் எழுதுவது கஸ்பர். மன்னார்ப் பக்கத்துப் பொடியன், ஊரில் வேதக் கோயில் சுரூபங்களுக்குப் பூச்சு வேலை செய்தவன்.

ஸுபைரை அங்கே எல்லாரும் நானா என்றுதான், அதாவது அண்ணன் என்றுதான், கூப்பிடுவார்கள். ஸ்ரீ அண்ணையும் அப்படித்தான். இத்தனைக்கும் அவர் ஸுபைருக்கு மூத்தவர். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் ஒரே மரக்காலையில் தச்சுத் தொழில் பழகியவர்கள். இவ்வளவு காலம் பழகிய ஆளுக்கு ஒரு பேர் இல்லையா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "முஸ்லிம் ஆக்களை அப்பிடித்தானே கூப்பிடுறது, தங்கச்சி. மரியாதைக்குத்தான்" என்று சிரித்தார். ஸுபைரும் சேர்ந்து சிரித்தார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுசன்.

கோடை முடிகிற நேரம் ஸ்ரீ அண்ணை ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பேர் பாவெல். செக் நாட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். றிச்மண்ட் ஹில்லுக்கும் அங்கால் ஒரு பண்ணை வெளியில் அவர்களுடைய சங்கம் பழைய காலத்துச் சந்தை ஒன்று நடத்தப் போகிறது. நானூறு வருசத்துக்கு முந்திய பிராக் நகரம் மாதிரி. அதற்கு ஒரு மரக்குதிரை வேண்டும், ஒரு தூண் வேண்டும், தூணின் மேல் ஒரு துருக்கனின் தலை வேண்டும். ஆட்கள் குதிரையில் ஏறி, கையில் ஈட்டியோடு வந்து, தலையில் குத்த வேண்டும். அந்தக் காலத்துப் பிரபுக்கள் அப்படித்தான் விளையாடினார்களாம்.

பாவெல் நல்ல மனுசன், அதை மறைக்கக்கூடாது. மடிக்கணினியைத் திறந்து பழைய அச்சுப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு படத்தில் துருக்கன் குழந்தையை ஈட்டியில் குத்தித் தூக்குகிறான். ஒன்றில் ஆணையும் பெண்ணையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறான். ஒன்றில் வானத்தில் வால்வெள்ளி, கீழே துருக்கன். எங்கள் பாவத்துக்காகக் கடவுள் அனுப்பிய சவுக்கு என்று பாதிரிமார் பிரசங்கம் பண்ணுவார்களாம். துருக்கன் வரக்கூடாது என்று செபிப்பதற்கே நடுப்பகலில் மணி அடிப்பார்களாம். ஒரு பிரபு குடும்பத்தின் சின்னத்தில் காகம் மாதிரி ஒரு பறவை துருக்கன் தலையில் இருந்து கண்ணைக் கொத்துகிறது. அவர்களுடைய மாளிகையில் கதவுப் பிடிகூட அந்த உருவம்தானாம். கதவைத் திறக்கிறபோதெல்லாம் அந்தத் தலையைப் பிடித்துத் திறக்க வேண்டும்.

"உங்கட ஊருக்குள்ள அவங்கள் வந்தவங்களோ?" என்று நான் கேட்டேன். ஸ்ரீ அண்ணை மொழிபெயர்த்தார்.

பாவெல் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். செக் நாட்டின் மொராவியாப் பக்கம் ஒருமுறை புகுந்து கொள்ளையடித்து, சனத்தைப் பிடித்துக்கொண்டு போனது உண்மை. ஹங்கேரியில் சண்டை பிடிக்கப் போன ஆண்கள் திரும்பி வராததும் உண்மை. அதனால் பயம் முழுக்கப் பொய்யில்லை. ஆனால் பிராக்கில் இருந்தவர்களில் அனேகமானோர் வாழ்நாளில் ஒரு துருக்கனைக் கண்ணால் கண்டதில்லை. படம் கீறியவர்களும் கண்டதில்லை. ஒருவர் கீறியதைப் பார்த்து மற்றவர் கீறினார். அதே நேரம் பிரபுக்களின் வீட்டில் துருக்கிக் கம்பளம் விரித்திருக்கும்.

கம்பளம் வேண்டும், ஆள் வேண்டாம். எனக்கு அது புதுக் கதையில்லை. ஸ்ரீ அண்ணைக்கும் பெருநாளைக்கு எங்கள் வீட்டுப் புரியாணியும் வட்டிலப்பமும் வராவிட்டால் முகம் தொங்கிப் போகும்.

தலைப்பாகையை நான்தான் தைத்தேன். அதுவரைக்கும் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. எங்கேயோ இருந்த துருக்கன், எப்போதோ இருந்த செக்காரர், எனக்கென்ன வந்தது? தைத்து முடித்த கையோடு என் மகள் நஸ்லியாவின் பிள்ளைப்பேற்றுக்குப் பிறம்ரனுக்குப் போய்விட்டேன். பேத்தியைக் குளிப்பாட்டி, மகளுக்குச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுத்து, ஆறுதலாகத் திரும்பி வந்து வேலைத்தலத்துக் கதவைத் திறந்தால், மேசையின் மேல் ஸுபைர்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவரேதான். தலையை மட்டும் வெட்டி மேசையில் வைத்த மாதிரி. சின்ன வயதில் பலகை விழுந்து வளைந்த மூக்கு, இடப்பக்கக் கன்னத்து மச்சம், மருதாணி போட்ட தாடி, சிரிப்பதற்கு முன்னால் ஒரு பக்கமாகச் சுருங்குகிற கண், ஒன்றும் பிசகவில்லை. அதன் மேல் நான் தைத்த தலைப்பாகை. என் கையால் தைத்ததை என் புருஷன் தலையில் வைத்து, குத்துவதற்குத் தயாராக்கி வைத்திருக்கிறார்கள்.

"கஸ்பர்! என்னடா இது?"

கஸ்பர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். "அன்ரி, கோவிக்காதேங்கோ. அந்தப் படங்களில எல்லாம் ஒரே முகம். மீசையும் கோவமும்தான் இருக்கு, ஆள் இல்ல. அதைப் பாத்து வெட்டினா பேய்த்தலை மாதிரி வந்துது. எங்கட ஊர்க் கோயில் சுரூபத்திலயும் புனிதர் ஏறின குதிரைக் காலுக்குக் கீழ ஒருத்தன் தலைப்பாகையோட கிடப்பான். சின்னனில இருந்து பாத்தனான். அவனுக்கும் முகம் இல்ல. உயிரோட ஒரு முகம் வேணும் எண்டு நான் கேக்க, ஸ்ரீ அண்ணைதான் சொன்னவர், நானா இருக்கிறார்தானே, அவரை இருத்தி வெட்டு எண்டு."

ஸ்ரீ அண்ணை அந்தப் பக்கம் போன் கதைத்துக்கொண்டு நின்றார். நான் போன நடையைப் பார்த்துப் போனை வைத்துவிட்டார்.

"ஏன் அண்ணை, இந்த ரொறொன்ரோவில துருக்கிக்காரர் இல்லையோ? சந்தியில டோனர் கபாப் இறைச்சி வெட்டுற பெடியன் துருக்கிக்காரன்தானே. அவனைப் போய்க் கேட்டிருக்கலாமே?"

"அவனோ? அவன் வெள்ளைவெளேரெண்டு, மீசையும் இல்லாம, காதில கடுக்கனோட நிக்கிறான். அவனைப் பாத்தா துருக்கன் மாதிரியே இல்லையே, தங்கச்சி."

துருக்கிக்காரன் துருக்கன் மாதிரி இல்லையாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் படித்து, துருக்கி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத என் புருஷன்தான் துருக்கன் மாதிரியாம். இதைச் சொல்ல அவருக்கு நாக்குக் கூசவில்லை. பகிடி விட்ட மாதிரிச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"முகத்தை மாத்துங்கோ" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை சந்தை. இனி எங்க மாத்திறது? அது றெஜிபோம்தானே. நானாவே ஒண்டும் சொல்லேல்ல. மணித்தியாலக் கணக்கா முன்னால இருந்தவர்."

அதுதான் எனக்குப் பெரிய இடி. யாரோ களவாகப் படம் எடுத்து வெட்டவில்லை. என் புருஷன் தானாகவே போய்க் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். மேசையில் கிடந்த வெட்டுக் கத்தியை எடுத்து அந்த மூக்கைச் சீவிவிடத்தான் போனேன். பின்னால் வந்து என் கையைப் பிடித்தது ஸுபைர்.

"விடு, ஸபீரா. ஞாயிற்றுக்கிழமை என்னோட வா. வந்து பார். அதுக்குப் பிறகு பேசு."

"எதைப் பாக்க? உங்களைக் குத்துறதையோ?"

"வந்து பார்" என்றுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வான் வண்டியில் போகும்போது நான் வாயை மூடவில்லை. பல வருசமாக அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் துவக்கு ஏந்திய தமிழ் இயக்கம் ஒரே நாளில் துரத்தியபோது, கையில் ஒன்றும் கொண்டுபோக விடவில்லை. ஸுபைர் தன் உளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீ அண்ணை வீட்டுக்குத்தான் ஓடினார். கொடுத்து வைக்கலாம் என்று. நானும் பின்னால் போனேன். படலையைத் தட்டினோம், கூப்பிட்டோம். ஒருவரும் திறக்கவில்லை. ஸுபைர் பெட்டியைப் படலையடியில் வைத்துவிட்டு வந்தார். பிறகு புத்தளத்தில் அகதிக் கொட்டிலில் கிடந்த காலத்திலும், இங்கே வந்து ஸ்ரீ அண்ணையைத் திரும்பக் கண்டு கூட்டுச் சேர்ந்த காலத்திலும், ஒரே கதைதான் சொல்வார். அன்றும் அதையே சொன்னார்.

"அவர் அண்டைக்கு வீட்டில இருந்திருக்க மாட்டார், ஸபீரா."

"சைக்கிள் வீட்டு முத்தத்தில நிண்டது. நான் கண்டனான்."

"இருந்திருந்தாலும் பயமா இருந்திருக்கும். அந்த நேரம் ஆர் கதவைத் திறப்பினம்?"

"சரி. அண்டைக்குப் பயம். இண்டைக்கு அவருக்கு என்ன பயம்? உங்கட மூஞ்சையைத் தூணில ஏத்த ஆர் துவக்கு நீட்டினது?"

நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகுதான் அவர் பேசினார்.

"அந்தப் படங்களைப் பாத்தனியே? எல்லாம் பேய் முகம். பேயெண்டா ஆரும் குத்துவினம், ஸபீரா. யோசிக்கத் தேவையில்ல. அதாலதான் நான் கஸ்பருக்குச் சொன்னனான், என்னை வடிவாப் பாத்து, ஒண்டும் கூட்டாமக் குறைக்காம வெட்டு எண்டு. ஈட்டியோட கிட்ட வாறவன் ஒரு மனுசன்ர முகத்தைக் கண்டா, கை தன்ர பாட்டில தாழும். குத்த மாட்டினம். நீ பார்."

அறுபது வயதாகப் போகிற மனுசன், சொந்த ஊரில் இருந்து துரத்தப்பட்ட மனுசன், இன்னும் இதை நம்பிக்கொண்டிருக்கிறார். கோபத்தில் கத்துவதா, கட்டிப்பிடித்து அழுவதா என்று தெரியாமல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் மனதின் ஒரு மூலையில், யா அல்லாஹ், இவர் சொல்வது சரியாக இருந்துவிடக் கூடாதா என்று கேட்டேன்.

பண்ணை வெளியில் நல்ல கூட்டம். கூடாரங்கள், வாத்தியக்காரர், இறைச்சி வாட்டுகிற புகை. பாவெல் வெல்வெற் சட்டையும் இறகு குத்திய தொப்பியுமாக நின்றார். பழைய படங்களையும், அவை ஏன் அப்படிக் கீறப்பட்டன என்கிற விளக்கத்தையும் ஒரு பெரிய பலகையில் ஒட்டியிருந்தார். பலகைக்கு முன்னால் ஒரு காகம்கூட இல்லை. வரிசை முழுக்கத் தூணுக்கு முன்னால். சின்னப் பாதை ஒன்றில் தண்டவாளம் போட்டு, ஸுபைர் செய்த மரக்குதிரை நின்றது. இரண்டு பேர் கயிற்றால் இழுக்க வேண்டும். பாதையின் முடிவில் தூண். தூணின் மேல் என் புருஷன் வரிசையில் நின்ற சனத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவர் மாதிரி இருந்தார்.

ஸ்ரீ அண்ணை கோட்டுச் சூட்டோடு வந்திருந்தார். எங்கள் ஆட்களுக்கு மேடை கண்ட இடத்தில் பொன்னாடை வேண்டும். அவர் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, ஒலிவாங்கிக்கு முன்னால் வைத்தே பாவெலுக்குப் போர்த்தினார். சனம் கைதட்டியது. பாவெலுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பதிலுக்கு என்ன மரியாதை செய்வதென்று யோசித்து, முதலாவது ஈட்டியை ஸ்ரீ அண்ணையின் கையில் கொடுத்தார். இதையெல்லாம் செய்து தந்தவர்களே விளையாட்டைத் தொடக்கி வைக்கட்டுமாம்.

நான் ஸுபைரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. சொல்லப்போனால் நிம்மதி தெரிந்தது. "நல்லதாப் போச்சு" என்றார். "அண்ணை குத்த மாட்டார். அவர் குத்தாம விட்டா, மற்றவைக்கும் விளங்கும்."

"இஞ்சருங்கோ, நான் போய் நிப்பாட்டுறன்."

"வேண்டாம்" என்று என் கையை இறுக்கிப் பிடித்தார். "பொறு. பார்."

ஸ்ரீ அண்ணை சிரித்துக்கொண்டு குதிரையில் ஏறினார். போனைக் கஸ்பரிடம் கொடுத்து, வடிவாக எடுக்கச் சொன்னார். கயிற்றை இழுத்தார்கள். குதிரை வேகம் பிடித்தது. பாதையின் நடுவில் அவர் ஈட்டியைத் தாழ்த்தியபோது, எனக்கும்கூட, குத்தாமல் விடப் போகிறார் என்றுதான் தோன்றியது. குறி பார்க்கத்தான் தாழ்த்தினார். தலைக்குக் கிட்ட வந்ததும் ஒரு கண்ணை மூடி, பல்லைக் கடித்து, முழுப் பலத்தோடும் இடக் கன்னத்தில் ஏற்றினார். மச்சத்துக்குக் கீழே ஈட்டி சரக்கென்று உள்ளே போய் அப்படியே நின்றது.

சனம் ஆர்ப்பரித்தது. ஸுபைரின் கை என் கையிலிருந்து கழன்று விழுந்தது.

ஸ்ரீ அண்ணை இறங்கி, கன்னத்தில் ஈட்டியோடு நிற்கிற தலைக்குப் பக்கத்தில் படத்துக்கு நின்றார். அப்போதுதான் கூட்டத்தில் எங்களைக் கண்டார். ஒரு கூச்சமும் இல்லை, ஒரு தடுமாற்றமும் இல்லை. இரண்டு கையையும் காட்டிக் கூப்பிட்டார்.

"நானா! வாங்கோ, வாங்கோ! பக்கத்தில நில்லுங்கோ, ரெண்டு முகமும் ஒண்டா வரட்டும்! ஒரு படம் எடுப்பம்!"

ஸுபைர் நடந்தார். நானும் விறுவிறென்று கூடவே போனேன். வரிசையில் நின்றவர்கள் அவரையும் தலையையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினார்கள். சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக அடங்கிக்கொண்டு வந்தது. பாவெலும் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"இது உங்களுடைய முகமா?" என்று ஸுபைரைக் கேட்டார். ஸுபைர் தலையாட்டினார். பாவெல் உடனே திரும்பி, கயிறு இழுக்கிறவர்களைப் பார்த்துக் கையைக் காட்டி விளையாட்டை நிறுத்தினார். பிறகு என்னிடம் வந்து, எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தை மெல்ல மெல்லப் பேசினார். தனக்குத் தெரியாது என்றார். படத்தில் உள்ளது மாதிரி ஒரு பொம்மைதான் கேட்டதாகச் சொன்னார். "எங்கள் முன்னோர் துருக்கரைக் கண்டதில்லை, அம்மா. காணாதபடியால்தான் அப்படிச் செய்தார்கள். கண்ட ஒருவருடைய முகத்தில் இதைச் செய்ய நான் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டேன்."

எனக்கு அவரோடு ஒரு கோபமும் இல்லை. நான் ஸ்ரீ அண்ணையின் பக்கம் திரும்பினேன்.

"கேட்டியளோ அண்ணை? இவையின்ர ஆக்கள் காணாமக் குத்தினவையாம். நீங்கள் இவரைக் காணாத நாள் எது? ஒரு கோப்பையில சாப்பிட்டனியள். இவற்ர மகளின்ர கலியாணத்துக்கு மணவறை கட்டினனியள். அண்டைக்குப் படலையைத் திறக்காததுக்குப் பயம் எண்டு இவர் உங்களுக்காக என்னோட சண்டை பிடிக்கிறவர். இண்டைக்கு ஆருக்குப் பயந்து குத்தினியள்?"

"தங்கச்சி, நான் நானாவெண்டு நினைச்சே குத்தினனான்? துருக்கனெண்டுதானே..." என்று தொடங்கியவர், தான் சொன்னது தனக்கே கேட்டதோ என்னவோ, நிறுத்திவிட்டார்.

"அவர் என்ன சொல்கிறார்?" என்று பாவெல் கேட்டார். இருபது வருசமாக எங்கள் எல்லாருக்காகவும் ஆங்கிலத்தில் பேசி வந்த ஸ்ரீ அண்ணை வாயைத் திறக்கவில்லை. கஸ்பரும் போனைக் கீழே இறக்கிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஸுபைர் எங்கள் ஒருவரையும் கவனிக்கவில்லை. காற்சட்டைப் பையில் இருந்து ஸ்பனரை எடுத்து, தூணின் கழுத்தில் தான் பூட்டிய நட்டைக் கழற்றத் தொடங்கினார். தலை காற்றுக்கு ஆடியது. பெரிய உருப்படிகளைக் கழற்றும்போது ஒருவர் திருக, மற்றவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு பேரும் எத்தனையோ மண்டபங்களில் அப்படித்தான் வேலை செய்தவர்கள். பழக்கத்தில் ஸ்ரீ அண்ணை கிட்ட வந்து, இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிப் பிடித்தார். ஈட்டி இன்னும் கன்னத்தில்தான் இருந்தது.

ஸுபைர் திருகுவதை நிறுத்தினார்.

"கையை எடு, ஸ்ரீ" என்றார்.

நான் கலியாணம் முடித்த நாளிலிருந்து, அண்ணை என்று சொல்லாமல் அவர் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டதில்லை. சத்தம் போடவில்லை. ஸ்ரீ அண்ணை ஒருமுறை என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். மெதுவாகக் கையை எடுத்தார். மிச்ச நட்டுகளை ஸுபைர் ஒற்றைக் கையால் கழற்றினார். மற்றக் கையால் தன் முகத்தைத் தானே தாங்கிக்கொண்டார்.